மூன்று வாரம் வீட்டில் ஆள் இல்லை: வாட்டர் ஹீட்டரை என்ன செய்துவிட்டுப் போவது?

தொடக்கப் பதிவு: மாடிவீடு

அடுத்த மாதம் குடும்பத்தோடு மூன்று வாரம் வெளியூர் செல்கிறோம். அந்த நாள்களில் வீட்டில் ஒருவரும் இருக்க மாட்டார்கள். குளியலறைப் பரணுக்குக் கீழே 100 லிட்டர் கொள்ளும் மின்சார வாட்டர் ஹீட்டர் ஒன்று மாட்டியிருக்கிறோம். பொருத்தி ஏழு ஆண்டுகள் ஆகின்றன. அது எப்போதும் இயங்கும் நிலையிலேயே இருக்கும். சூடு குறைந்தால் தானே சூடேற்றிக்கொள்ளும், போதிய சூடு வந்ததும் தானே நின்றுவிடும். இரண்டு நாளுக்கு மேல் வீட்டைப் பூட்டிவிட்டுப் போனதே இல்லை என்பதால், இதுவரை அதைப் பற்றி யோசிக்க வேண்டிய தேவை எழவில்லை.

அணைத்துவிட்டுப் போனால், திரும்பி வந்து பச்சைத் தண்ணீரிலிருந்து சூடேற்றுவதற்கு ஆகும் மின்சாரம் அப்படியே விட்டுவைத்தால் ஆவதைவிட அதிகம் என்று என் மாமனார் உறுதியாகச் சொல்கிறார். சூட்டின் அளவைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டை 40 டிகிரிக்குக் குறைத்துவிட்டுப் போகலாம் என்பது என் கணவரின் யோசனை. எனக்கோ சுவிட்சை அணைத்துவிட்டால் போதும் என்று தோன்றுகிறது. எது சரி என்பதைக் காரணத்தோடு யாராவது விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன். மாமனாருக்கு 74 வயது. காரணம் தெரியாமல் எதையும் ஏற்றுக்கொள்ள மாட்டார், அவர் கேட்பதிலும் தவறில்லை.

மறுமொழி 1: கணக்காளி

உங்கள் மாமனார் சொல்வது பலரும் நம்புகிற கருத்துதான். ஆனால் கணக்கு வேறாக இருக்கிறது.

ஒரு பொருள் சுற்றுப்புறத்தைவிட எவ்வளவு சூடாக இருக்கிறதோ அவ்வளவு வேகமாக வெப்பத்தை இழக்கும். அணைத்துவிட்ட ஹீட்டரில் தண்ணீர் ஆற ஆற இழப்பின் வேகமும் குறைந்துகொண்டே வந்து, அறையின் வெப்பநிலையை எட்டியதும் இழப்பு நின்றுவிடுகிறது. அதற்கு மேல் இழக்க அதனிடம் ஒன்றும் இல்லை. அணைக்காத ஹீட்டரோ 60 டிகிரியிலேயே நிற்பதால் முதல் நாள் இழந்த அளவையே இருபத்தோராம் நாளும் இழக்கிறது, இழந்ததை மின்சாரத்தால் ஈடுகட்டிக்கொண்டே இருக்கிறது. ஆகவே எத்தனை நாளானாலும், எத்தனை மணி நேரமானாலும், அணைத்து வைப்பது விட்டுவைப்பதைவிட அதிக மின்சாரம் கேட்காது.

எண்ணிலும் பார்த்துவிடலாம். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி உயர்த்த ஏறக்குறைய 4.19 கிலோஜூல் வேண்டும். 3600 கிலோஜூல் சேர்ந்தது ஒரு யூனிட். 100 லிட்டரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுவர 4 யூனிட்டுக்குச் சற்று மேல் ஆகும். உங்கள் ஹீட்டர் யாரும் தண்ணீர் திறக்காமலேயே நாளொன்றுக்கு ஒன்றரை யூனிட் இழக்கிறது என்று வைத்துக்கொண்டால், 21 நாளில் 31.5 யூனிட் போகும். அணைத்துவிட்டால் திரும்பி வந்ததும் ஒரே ஒரு முறை 4 யூனிட். இரண்டே நாள் பயணம் என்றால் 3 யூனிட்டுக்குப் பதிலாக 2 யூனிட்டுக்குச் சற்று மேல் ஆகும். அதாவது குறுகிய பயணத்தில் மிச்சம் மிகச் சிறிது. ஆனாலும் மிச்சம்தான், நட்டம் இல்லை.

ஒன்றரை யூனிட் என்பது என் எடுத்துக்காட்டு. உங்கள் ஹீட்டரின் உண்மையான இழப்பை மாமனாரே அளந்து பார்க்கலாம். மின்மீட்டரில் ஒரு சிறு சிவப்பு விளக்கு துடித்துக்கொண்டிருந்தால், ஒரு யூனிட்டுக்கு எத்தனை துடிப்பு என்பது அதன் முகப்பிலேயே அச்சிடப்பட்டிருக்கும். வீட்டின் மற்ற இணைப்புகள் அனைத்தையும் சில மணி நேரம் நிறுத்திவிட்டு, வெந்நீரைத் தொடாமல், மீட்டரின் அளவைத் தொடக்கத்திலும் முடிவிலும் குறித்துக்கொண்டால் விடை கைக்கு வந்துவிடும்.

மறுமொழி 2: குழாய்க்கரம்

இருபத்தெட்டு ஆண்டுகளாகக் குழாய் வேலையும் ஹீட்டர் பொருத்தும் வேலையும் செய்கிறேன். கணக்காளி அவர்கள் சொன்னது முழுக்கச் சரி. இருந்தாலும் வெளியூர் செல்பவர் முதலில் கவலைப்பட வேண்டியது மின்சாரத்தைப் பற்றி அல்ல, தண்ணீரைப் பற்றி.

சுவிட்சை அணைத்தால் சூடேற்றுவதுதான் நிற்கும். தொட்டிக்குள் தண்ணீர் வரும் குழாய் திறந்தே இருக்கிறது. அதன் அழுத்தம் இரவும் பகலும் ஒவ்வோர் இணைப்பின் மீதும் இருந்துகொண்டே இருக்கிறது. ஒரு வீட்டுக்கு என்னை அழைத்தார்கள். பதினொரு நாள் வெளியூர் சென்று திரும்பியவர்கள். ஹீட்டரை முறையாக அணைத்துவிட்டே சென்றிருந்தார்கள். தண்ணீர் உள்ளே வரும் பக்கத்தில், எஃகுக் கம்பிப் பின்னல் போட்ட அரை அங்குல இணைப்புக் குழாய், நட்டுக்கு நேர் கீழே விட்டுப்போயிருந்தது. பின்னலின் கம்பிகள் துரு ஏறி, துடைப்பத்தின் ஈர்க்குகள் போல ஒவ்வொன்றாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. உள்ளிருந்த ரப்பர் குழாய் வெடித்திருந்தது. அத்தகைய உடைப்பில் நிமிடத்துக்குப் பத்து லிட்டர் போனால் ஒரு நாளைக்கு 14,400 லிட்டர் ஆகிறது. மரக் கதவுகள் ஊதி நிலையோடு இறுகியிருந்தன. கீழ்த்தளத்தின் கூரைப் பூச்சு பெயர்ந்து விழுந்திருந்தது. அந்த வீட்டு அம்மா ஈரத்தில் ஒட்டிப்போன புகைப்பட ஆல்பத்தின் தாள்களைப் பிரிக்க முயன்றுகொண்டு நின்றதை என்னால் மறக்க முடியவில்லை.

ஆகவே ஹீட்டருக்குள் தண்ணீர் வரும் வால்வை மூடிவிட்டுச் செல்லுங்கள். வீட்டுக்கே தனி முதன்மை வால்வு இருந்தால் அதையும் மூடுங்கள். ஆனால் இதில் வரிசை முக்கியம். மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது உள்வரும் வால்வை ஒருபோதும் மூடக்கூடாது. தண்ணீர் 20 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாகும்போது அதன் பருமன் ஏறக்குறைய ஒன்றரை விழுக்காடு கூடுகிறது. 100 லிட்டரில் அது ஒன்றரை லிட்டர். வழக்கமாக அந்தக் கூடுதல் நீர், வந்த வழியே சற்றுப் பின்வாங்கும், அல்லது விரிவுத் தொட்டிக்குள் போகும். வழியை அடைத்துவிட்டுச் சூடேற்றினால் அழுத்தம் முழுவதையும் சேஃப்டி வால்வு ஒன்றே தாங்க வேண்டியிருக்கும். அந்த வால்வு உப்புப் படிந்து இறுகிக் கிடக்கும் வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கிளம்புவதற்கு முந்தின இரவே, கடைசிக் குளியல் முடிந்ததும், ஹீட்டருக்கு வரும் மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கரை அணைத்துவிடுங்கள். தெர்மோஸ்டாட்டின் திருகியைக் கடைசி வரை குறைப்பது அணைப்பது ஆகாது. மறுநாள் கிளம்பும்போது உள்வரும் வால்வை மூடிவிட்டு, வாஷ்பேசினில் வெந்நீர்க் குழாயைத் திறந்து அழுத்தம் இறங்கும் வரை விடுங்கள். பிறகு அந்தக் குழாயைச் சற்றே திறந்தபடியே விட்டுச் செல்லுங்கள், பேசினின் வடிகால் அடைபடாமல் இருக்கட்டும். தொட்டியில் மீதமிருக்கும் சூடு ஆறும்போது தண்ணீர் சுருங்கும். அப்போது அந்த வழியாகக் காற்று உள்ளே போகும், தொட்டிக்குள் வெற்றிடம் உண்டாகாது.

இன்னொன்று. அந்த வால்வை ஏழு ஆண்டுகளில் ஒரு முறையாவது திருகியிருக்கிறீர்களா? திருகாத வால்வு, மூடும் நாளன்று கைப்பிடியோடு கையில் வந்துவிடும், அல்லது தண்டின் அடியில் கசியத் தொடங்கும். கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே திருகிப் பாருங்கள்.

மறுமொழி 3: அணையாவிளக்கு

எனக்கு இதில் ஓர் ஐயம் உண்டு. எங்கள் வீட்டில் பத்தாண்டு ஓடிய ஹீட்டரைச் சென்ற ஆண்டு ஒரு மாதம் அணைத்து வைத்தோம்; மீண்டும் போட்ட வாரமே அடிப்பகுதியில் கசியத் தொடங்கியது. ஒரே சூட்டில் இருந்து பழகிய இரும்பும் உட்பூச்சும் முழுவதும் ஆறி மறுபடி சூடாகும்போது விரிசல் விடுகிறது என்று எங்களுக்கு வேலை செய்தவர் சொன்னார். அணைக்காமல் இருந்திருந்தால் இன்னும் சில ஆண்டு ஓடியிருக்கும் என்றே நினைக்கிறேன். மின்சாரத்தில் மிச்சமானது ஒரு புதிய ஹீட்டரின் விலைக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

மறுமொழி 4: குழாய்க்கரம்

உங்கள் அனுபவத்தை நான் மறுக்கவில்லை; அதைப் போல நானும் கண்டிருக்கிறேன். ஆனால் காரணத்தைச் சற்றுப் பிரித்துப் பார்க்க வேண்டும். தினமும் வீட்டில் குளிக்கும்போதெல்லாம் தொட்டியின் அடியில் பச்சைத் தண்ணீர் வந்து நிறைகிறது, பிறகு சூடாகிறது. உட்பூச்சு இந்த மாற்றத்தைத் தாங்குவதற்காகவே செய்யப்பட்டது. ஒரு முறை மெதுவாக ஆறுவது அதற்குப் புதிய சோதனை அல்ல.

உண்மையில் தளர்வது பெரும்பாலும், நீரைச் சூடேற்றும் கம்பியான எலிமென்ட்டைச் சுற்றிக் கசிவை அடைக்கும் ரப்பர் வளையமான கேஸ்கெட்தான். பழைய கேஸ்கெட் சூட்டில் இறுகிக் கெட்டியாகிவிடுகிறது. ஆறிச் சுருங்கும்போது முன்பு போல அமராமல் ஓரமாகக் கசிகிறது. தொட்டியே உள்ளே அரித்துப்போயிருந்தாலும் அது வெளிப்படும் நேரம் இப்படி அமைந்துவிடக்கூடும். வீட்டில் ஆள் இருக்கும்போது அது வெளிப்படுவதே நல்லது.

எனவே மாடிவீடு அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பே, நீங்கள் வீட்டில் இருக்கும் மூன்று நாள்கள் ஹீட்டரை அணைத்துவைத்து ஆறவிடுங்கள். எலிமென்ட் மூடியின் அடிவிளிம்பிலும், இரண்டு இணைப்புக் குழாய்களின் நட்டுகளிலும் மெல்லிய காகிதத்தைச் சுற்றி வையுங்கள். கண்ணுக்குத் தெரியாத கசிவையும் காகிதம் காட்டிக்கொடுத்துவிடும். கேஸ்கெட் விலை குறைந்த பொருள். அரை மணி நேர வேலை.

மறுமொழி 5: நுண்ணோக்கி

நீர்ப் பரிசோதனைக் கூடமொன்றில் பணிபுரிகிறேன். உங்கள் கணவர் சொன்ன 40 டிகிரி யோசனையைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். பார்வைக்கு அது நடுவழி போலத் தோன்றினாலும், இருக்கிற வழிகளில் மிக மோசமானது அதுதான்.

லீஜியோனெல்லா என்ற பாக்டீரியா ஆறு, ஏரி, குழாய் எல்லாவற்றிலும் மிகச் சிறிய அளவில் இருப்பது. குளிர்ந்த நீரில் பெருகாமல் கிடக்கும். ஏறக்குறைய 25 முதல் 45 டிகிரி வரையுள்ள வெதுவெதுப்பில், அதுவும் அசையாமல் தேங்கி நிற்கும் நீரில், நன்றாகப் பெருகும். 50 டிகிரிக்கு மேல் அதனால் பெருக முடியாது. 60 டிகிரியில் தாக்குப்பிடிக்க முடியாமல் இறக்கும். அதனால்தான் வெந்நீரை 60 டிகிரியில் சேமிக்க வேண்டும் என்று உலக நலவாழ்வு அமைப்பு அறிவுறுத்துகிறது. மூன்று வாரம் யாரும் திறக்காத 100 லிட்டர் தண்ணீரை 40 டிகிரியில் வைத்துக் காப்பது, அந்த நுண்ணுயிருக்கு வேண்டிய சூட்டை நாமே மின்கட்டணம் செலுத்தி அளிப்பதாகும்.

இந்த நோய் மருத்துவ உலகுக்குத் தெரியவந்ததே ஒரு பெருந்துயரத்தால்தான். 1976 ஜூலையில், பிலடெல்பியாவில் நடந்த முன்னாள் படைவீரர் அமைப்பின் மாநாட்டுக்கு வந்து தங்கியவர்கள் பலர் கடும் நிமோனியாவுக்கு ஆளாகி, இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். காரணமான பாக்டீரியா 1977 ஜனவரியில் கண்டறியப்பட்டது. அந்த அமைப்பான அமெரிக்கன் லீஜன் என்பதிலிருந்தே லீஜியோனெல்லா என்ற பெயர் வந்தது.

இது குடிப்பதால் வருவதைவிட, மிக நுண்ணிய திவலைகளாகக் காற்றில் கலந்த நீரை மூச்சோடு உள்ளிழுப்பதால் வருவது. அதனால்தான் ஷவரைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம். உடல்நலமுள்ள இளையவர்களுக்கு ஆபத்து குறைவு. முதியவர்கள், புகைபிடிப்பவர்கள், நுரையீரல் நோயுள்ளவர்கள், எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள் ஆகியோருக்கே இது கடுமையாகிறது. உங்கள் வீட்டில் 74 வயதுப் பெரியவர் இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

முழுவதும் அணைத்துவிட்டாலும், வெயில் காலத்தில் அறையே 30 டிகிரி இருந்தால் அந்த நீரும் பாக்டீரியாவுக்கு ஏற்றதாகவே இருக்கும் என்பதை மறைக்க விரும்பவில்லை. வேறுபாடு என்னவென்றால், அணைத்துவிட்டுப் போனவர் திரும்பி வந்ததும் கட்டாயம் சூடேற்றியாக வேண்டும். 40 டிகிரியில் விட்டுப்போனவரோ குழாயைத் திறந்து, இதமான சூட்டில் தண்ணீர் வருவதைப் பார்த்து, அப்படியே ஷவரில் நின்றுவிடுவார். அணைப்பது எளிது; திரும்பி வந்த முதல் இரவில்தான் கவனம் வேண்டும்.

மறுமொழி 6: மாடிவீடு

அனைவருக்கும் நன்றி. மூன்று பதிவுகளை மாமனாருக்குப் படித்துக் காட்டினேன். கணக்காளி அவர்களின் பதிவை இரண்டு முறை படிக்கச் சொன்னார். பிறகு தாமே மீட்டரின் முன் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். ஐந்து மணி நேரத்தில் 0.3 யூனிட் என்று குறித்திருக்கிறார், அதாவது நாளொன்றுக்கு ஏறக்குறைய 1.4 யூனிட். அணைப்பதற்கு ஒப்புக்கொண்டுவிட்டார்.

இரண்டு ஐயங்கள். தொட்டியை முழுவதும் காலி செய்துவிட்டுப் போனால் தேங்கிய நீர் என்ற சிக்கலே இருக்காதே, அப்படிச் செய்யலாமா? மேலும், கைபேசியிலிருந்து இயக்கும் ஸ்மார்ட் பிளக் ஒன்றைப் பொருத்திவிட்டு, ஊர் திரும்பும் நாளன்று வழியிலிருந்தே போட்டுவிடலாம் என்கிறார் என் கணவர்.

மறுமொழி 7: குழாய்க்கரம்

உறைபனி இல்லாத இடத்தில் காலி செய்ய வேண்டாம். தொட்டிக்குள் ஆனோடு என்ற ஒரு தண்டு இருக்கிறது, பெரும்பாலும் மக்னீசியம். தொட்டியின் இரும்பு அரிபடாமல் இருப்பதற்காக அது தன்னையே கரைத்துக்கொள்கிறது. அது நீரில் மூழ்கியிருந்தால்தான் வேலை செய்யும். நீரை வடித்துவிட்டால் தொட்டியின் உள்ளே ஈரமும் காற்றும் மட்டும் மிஞ்சி, காப்பு எதுவும் இல்லாமல் துரு ஏறும். தவிர, காலித் தொட்டியை மறந்துபோய்ச் சுவிட்சைப் போட்டுவிட்டால் எலிமென்ட் சிறிது நேரத்திலேயே எரிந்துபோகும்.

ஸ்மார்ட் பிளக் பற்றி: 3 கிலோவாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் 13 ஆம்பியர் இழுக்கும், அதுவும் மணிக்கணக்கில் தொடர்ந்து. 10 ஆம்பியருக்கான பிளக்கில் அதை மாட்டினால் உள்தொடுப்பு சூடாகி உருகும். அதைவிடப் பெரிய காரணம், உள்வரும் வால்வு மூடியிருக்கும்போது தொலைவிலிருந்து ஹீட்டரைப் போடுவது, நான் முதல் பதிவில் செய்யக்கூடாது என்று சொன்ன அதே செயல். சில புதிய ஹீட்டர்களில் விடுமுறைக்கென்றே ஒரு பொத்தான் இருக்கிறது. எத்தனை நாள் என்று பதிந்துவிட்டால் திரும்பும் நாளுக்கு முன்பே தானே சூடேற்றத் தொடங்கும். அதைப் பயன்படுத்துகிறவர்களும் வால்வை மூடக்கூடாது. இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். நான் எந்த நாளும் வால்வை மூடுவதையே தேர்ந்தெடுப்பேன்.

மறுமொழி 8: பனிநிலம்

உறைபனி விழும் இடத்தில் வாழ்கிறவர்களுக்காக ஒரு குறிப்பு. மேலே சொன்னவற்றை எங்கள் குளிர்காலத்தில் அப்படியே செய்துவிட முடியாது.

தண்ணீர் பனிக்கட்டியாகும்போது அதன் பருமன் ஏறக்குறைய 9 விழுக்காடு கூடுகிறது. செப்புக் குழாய் அந்த அழுத்தத்துக்கு நிற்காது, பிளந்துவிடும். வீட்டின் வெப்பமூட்டலை நிறுத்திவிட்டு, ஹீட்டரையும் அணைத்துவிட்டு, நீரையும் வடிக்காமல் செல்வது இங்கே நிச்சயமான சேதம். எங்களுக்கு இரண்டு வழிகள்தான்: வீட்டை உறைநிலைக்கு மேல் சூடாக வைத்திருப்பது, அல்லது தொட்டியையும் குழாய்களையும் முழுவதும் வடித்துவிடுவது. வடிப்பவர்கள் மின்சாரத்தை நிறுத்தி, நீர் ஆறிய பிறகே வடிக்க வேண்டும்.

தொட்டியில்லாமல் உடனுக்குடன் சூடேற்றும் வகையை வைத்திருப்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அதில் சேமித்த நீர் இல்லை, இழப்பும் இல்லை, ஆகவே மின்இணைப்பைப் பிடுங்கிவிடலாம் என்று நினைக்கிறார்கள். அந்தக் கருவிகள் பலவற்றுள் உறைவதைத் தடுக்கும் சிறு சூடேற்றி இருக்கிறது. அது மின்சாரத்தில் ஓடுவது. இணைப்பைப் பிடுங்கினால் அதுவும் நின்றுவிடும். எங்கள் பக்கத்து வீட்டில் அப்படித்தான் வெப்பமாற்றி, அதாவது நீர் ஓடிச் சூடேறும் உள்பகுதி, பிளந்தது.

மறுமொழி 9: சுடர்காப்போன்

எரிவாயு ஹீட்டருக்குச் சுருக்கமாக. பழைய வகைகளில் பைலட் என்ற சிறு சுடர் எப்போதும் எரிந்துகொண்டிருக்கும். சில நாள்களுக்கு என்றால் திருகியை ‘பைலட்’ நிலைக்கோ விடுமுறைக்கான குறிக்கோ திருப்பினால் போதும். பெரிய சுடர் எரியாது, அல்லது மிகக் குறைந்த சூட்டில் மட்டுமே எரியும். நீண்ட பயணம் என்றால் எரிவாயு வால்வையே மூடிவிடலாம். ஆனால் பைலட்டை மீண்டும் ஏற்றத் தெரிந்திருக்க வேண்டும். சுடரின் சூட்டை மின்சாரமாக்கும் தெர்மோகப்பிள் என்ற சிறு உலோக முனை உண்டாக்கும் சில மில்லிவோல்ட்டுகள்தான் வாயு வால்வைத் திறந்து பிடித்திருக்கின்றன. அதனால்தான் ஏற்றிய பிறகும் பொத்தானைச் சற்று நேரம் அழுத்திப் பிடிக்க வேண்டியிருக்கிறது. வாயு நாற்றம் இருந்தால் எதையும் ஏற்றாமல், எந்தச் சுவிட்சையும் தொடாமல் வெளியேறிவிடுங்கள்.

மறுமொழி 10: வெயிலோன்

சூரிய வெப்ப ஹீட்டர் வைத்திருப்பவர்களின் நிலை தலைகீழானது. எங்களால் வெயிலை அணைக்க முடியாது. ஆள் இல்லாத வீட்டில் யாரும் வெந்நீர் எடுக்காததால் தொட்டியின் சூடு நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போகும். திறந்த காற்றுக்குழாய் உள்ள அமைப்பில் நீர் ஆவியாகக் குறைந்துகொண்டும் வரும். கண்ணாடிக் குழல் வகையில் உள்வரும் நீரை அடைத்துவிட்டால், குழல்கள் வெறுமையாகி வெயிலில் கொதித்துக்கிடக்கும். திரும்பி வந்தவர் நண்பகலில் வால்வைத் திறந்தால், பச்சைத் தண்ணீர் பட்ட நொடியில் கண்ணாடி வெடித்துச் சிதறும்.

ஆகவே கிளம்பும்போது குழல்களை ஒளி புகாத கெட்டித் துணியால் மூடிக் கட்டிவிடுங்கள். காற்றுக்கு அவிழாதபடி நான்கு முனையிலும் கட்ட வேண்டும். திரும்பிய பிறகு தண்ணீர் விடுவதாக இருந்தால் விடியற்காலையில், வெயில் ஏறும் முன், துணியை எடுக்காமலேயே விடுங்கள்.

மறுமொழி 11: குழாய்க்கரம்

திரும்பி வந்ததும் செய்ய வேண்டியதை நுண்ணோக்கி அவர்கள் தொட்டுக் காட்டினார். அதை வரிசைப்படி எழுதிவிடுகிறேன், ஏனென்றால் பயணக் களைப்பில் இருப்பவர்கள் நேராகச் சுவிட்சைத்தான் போடுவார்கள்.

முதலில் பிரேக்கர் அணைந்தே இருக்கட்டும். உள்வரும் வால்வைக் கால் திருப்பு மட்டும் திறந்து, இணைப்புகளை விரலால் தடவிப் பாருங்கள். கசிவில்லை என்றால் முழுவதும் திறங்கள். சன்னல்களைத் திறந்துவைத்துவிட்டு, வெந்நீர்க் குழாய்களை ஒவ்வொன்றாகத் திறந்து சில நிமிடங்கள் ஓடவிடுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் பயன்படாத ஹீட்டரில், ஆனோடு தண்டு கரையும்போது உண்டாகும் ஹைட்ரஜன் வாயு சேர்ந்திருக்கக்கூடும். குழாயைத் திறந்ததும் சீறுவது போன்ற ஒலியோடு வெளியேறும். அந்த நேரத்தில் அருகே விளக்கோ தீக்குச்சியோ சிகரெட்டோ கூடாது. நீரில் அழுகிய முட்டை நாற்றம் வந்தாலும் அஞ்ச வேண்டாம். நீரிலுள்ள சல்பேட்டைச் சிதைக்கும் பாக்டீரியாவின் வேலை அது, ஓடவிட்டுச் சூடேற்றினால் பெரும்பாலும் போய்விடும்.

குழாயில் காற்று விட்டு விட்டு வருவது நின்று, நீர் ஒரே சீராக விழத் தொடங்கினால் தொட்டி நிறைந்துவிட்டது என்று பொருள். அதன் பிறகுதான் பிரேக்கரைப் போட வேண்டும். தெர்மோஸ்டாட் 60 டிகிரியில் இருக்கட்டும். 2 கிலோவாட் எலிமென்ட் 100 லிட்டரைச் சூடேற்ற இரண்டு மணி நேரம் ஆகும். ஆனால் எலிமென்ட்டுக்குக் கீழே, படிவு சேர்ந்திருக்கும் அடித்தட்டில், சூடு மெதுவாகவே இறங்கும். இரவு வந்து சேர்ந்தால் விடியும் வரை விட்டுவைப்பதே என் வழக்கம்.

மறுமொழி 12: நுண்ணோக்கி

அதன் தொடர்ச்சியாக: சூடேறிய பிறகு ஷவரின் தலையைக் கழற்றி வைத்துவிட்டு, அந்த நீரை வாளியின் அடியில் விழும்படி சில நிமிடங்கள் ஓடவிடுங்கள்; திவலை பறக்கக்கூடாது என்பதற்காகத்தான். மற்ற வெந்நீர்க் குழாய்களுக்கும் அப்படியே. பச்சைத் தண்ணீர்க் குழாய்களிலும் மூன்று வார நீர் தேங்கியிருக்கும், அவற்றையும் ஓடவிட வேண்டும். இதைச் செய்யும்போது குழந்தைகள் அருகில் இருக்கக்கூடாது: 60 டிகிரி நீர் ஐந்து நொடியில் தோலை ஆழமாகச் சுட்டுவிடும்.

மறுமொழி 13: மாடிவீடு

நேற்று இரவு ஊர் திரும்பினோம். உதவியவர்களுக்கு நடந்ததைச் சொல்ல வேண்டியது என் கடமை.

கிளம்புவதற்குப் பதினைந்து நாள் முன்பு, குழாய்க்கரம் அவர்கள் சொன்னபடி மூன்று நாள் ஹீட்டரை ஆறவிட்டோம். எலிமென்ட் மூடியின் கீழே சுற்றிய காகிதம் மூன்றாம் நாள் காலையில் ஒரு நகம் அகலத்துக்கு நனைந்திருந்தது. ஓரத்தில் பழுப்பு நிறக் கறை. கழற்றிப் பார்த்தபோது கேஸ்கெட் விரலால் வளைக்க முடியாத அளவுக்குக் கெட்டித்திருந்தது. அதையும், உள்வரும் பக்கத்து இணைப்புக் குழாயையும் மாற்றினோம். வால்வின் தண்டும் கசிந்தது. அதையும் இறுக்கிக் கொடுத்தார்கள். இவை எதுவுமே எங்களுக்குத் தெரியாமல் இருந்தவை.

நேற்று வந்ததும், எவ்வளவு களைப்பாக இருந்தாலும் இன்று இரவு ஷவர் கிடையாது என்று மாமனார்தான் முதலில் சொன்னார். வெந்நீர்க் குழாயைத் திறந்தபோது, நீங்கள் எழுதியது போலவே, சில நொடிகள் சீறிவிட்டுப் பிறகு தண்ணீர் வந்தது. சீராக விழும் வரை நானும் அவரும் பார்த்துக்கொண்டு நின்றோம். அதன் பிறகு அவரே போய்ப் பிரேக்கரைப் போட்டார். இன்று காலை ஏழு மணிக்கு ஷவரின் தலையைக் கழற்றி எல்லாக் குழாய்களையும் ஓடவிட்டோம். புதிய இணைப்புகளைச் சுற்றியிருந்த காகிதங்களை இப்போதுதான் பிரித்தேன். எல்லாமே உலர்ந்திருந்தன.